'தாய்ப்பால் மட்டும்' என்று நான் எழுதிய படிவம்

பிறந்த குழந்தையின் வாயில் முதன்முதலாகப் பட்டது எது?

அச்சடித்த படிவத்தில் இது பதினொன்றாவது கேள்வி. என் மகளுக்கு ஒரு வயது நான்கு மாதம் ஆகியிருந்தபோது, நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நீல மையில், 'தாய்ப்பால் மட்டும்' என்று எழுதினேன். 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு போட்டேன். இப்போது அவளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது.

நாங்கள் இருப்பது குரும்பலூர். கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே நாள் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லைச் சோதித்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் எதையும் சோதிக்காமல் நம்பிவிடுவார். நான் அதற்கு நேர்மாறு. வேதியியலில் எம்.எஸ்சி., அதன் மேல் பி.எட். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை வயிற்றில் வந்ததும் வேலையை விட்டேன். அதுவரை ஐம்பது பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த கவலையை எல்லாம் ஒரே ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு எட்டாம் மாதத்திலிருந்து வயிறு சரியில்லை. இருபது நாள் நன்றாக இருப்பாள், இருபத்தோராம் நாள் தண்ணீராகப் போகும். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். நான் கைபேசியில் அலாரம் வைத்து, ஒரு வேளை தவறாமல், ஒரு நிமிடம் தாமதிக்காமல் கொடுப்பேன். போக்கு நிற்கும். மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். இப்படி ஐந்து முறை. அங்கன்வாடியில் எடை போடும் நாளில் தராசின் முள்ளை விட்டு என் கண் நகராது. முள்ளும் போன மாதம் நின்ற இடத்தை விட்டு நகராது.

நான் பாட்டிலை வேகவைத்தேன், கிண்ணத்தை வேகவைத்தேன், அவள் கடிக்கும் ரப்பர் யானையை வேகவைத்ததில் அதன் காது சுருங்கிப் போயிற்று. "நானும் ஒரு நாளு அடுப்புல ஏறப்போறேன்" என்றார் கணவர்.

அப்புறம்தான் டாக்டர் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார், மருந்து கெட்ட கிருமியைக் கொல்லும்போது குடலில் இருக்கிற நல்லதும் சேர்ந்து போகும் என்று. வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனாருக்கு இது ஒரு செய்தியாகவே படவில்லை. "களைக்கொல்லி அடிச்சா மக்காச்சோளமும் ரெண்டு நாளு சோந்துதான்மா நிக்கும்" என்றார். அலாரம் வைத்து நான் ஐந்து முறை களைக்கொல்லி அடித்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆய்வுக்குழு வந்தது. குழந்தைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். தோளில் ஐஸ் பெட்டி, கையில் படிவக்கட்டு. நான்தான் ஊரிலேயே முதலில் கையெழுத்துப் போட்டேன் என்று அவள் சொன்னபோது எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் படிவத்தில்தான் அந்தக் கோட்டைப் போட்டேன்.

அவள் ஆறு சின்னக் குழாய்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். ஆறிலும் மாதுளஞ்சாறு போலச் சிவப்பான தண்ணீர்.

"இது என்னம்மா, சர்பத்தா?" என்று கேட்டார் அண்ணி. என் கணவரின் அக்கா. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். கடை இல்லாத நேரமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருப்பார்.

"தங்கங்க. ரொம்ப ரொம்ப நுணுக்கமா ஆக்குன தங்கம். அந்த அளவுக்குச் சின்னதா போயிட்டா செவப்பாத்தான் தெரியும்."

"தங்கத்தையா புள்ள பீயில கலக்குற? ஒன் மாமியாரு வூட்டுக்குத் தெரியுமா?"

"இன்னும் மாமியாரு வூடே அமையலங்க" என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே.

"எப்புடி அமையும்? இதச் சொன்னா எவன் கட்டுவான்?"

நான் சிரிக்கவில்லை. தங்கக் கூழ்மம் சிவப்பாக இருக்கும் என்று நான்கு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இல்லை. கடைசியில் அதைப் பார்க்க என் மகளின் வயிறு கெட வேண்டியிருந்தது.

அந்தப் பெண் விளக்கினாள். ஒவ்வொரு குழாயிலும் உள்ள தங்கத் துகள்களின் மேல், ஒரு குறிப்பிட்ட வகை பாக்டீரியாவை மட்டும் இனம்காணும் நுண்ணிய இழைகளைக் கட்டியிருக்கிறார்கள். மலத்தை வேறொரு திரவத்தில் கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டு விட வேண்டும். அந்த பாக்டீரியா இருந்தால் துகள்கள் கூட்டம் கூடும், சிவப்பு நீலமாக மாறும். இல்லாவிட்டால் சிவப்பாகவே இருக்கும். ஆறு குழாய்களும் ஒரு குழந்தையின் குடலில் இருந்தே ஆக வேண்டிய ஆறு நல்ல வகைகளுக்கு.

அரை மணி நேரத்தில் இரண்டு குழாய்கள் நீலமாயின. நான்கு அசையவில்லை.

"நாலு பாஸா?" என்றார் கணவர்.

"நாலு ஃபெயில்" என்றேன்.

அப்புறம் ஆறு மாதம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாதிரி எடுத்துக் கொடுத்தேன். என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை போனாள், என்ன நிறம், எல்லாவற்றுக்கும் அட்டவணை. என் அட்டவணையை மற்ற அம்மாக்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பெண் புகைப்படம் எடுத்துப் போனாள். குழாய்கள் மட்டும் நன்றி காட்டவில்லை. நீலக் குழாய் இரண்டிலிருந்து மூன்றாகும், காய்ச்சலுக்கு ஒரு மருந்து கொடுத்தால் மறுபடி இரண்டாகும்.

வைகாசியில் எங்களை அரியலூருக்குக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். அண்ணியும் கூட வந்தார். ஆய்வை நடத்தும் டாக்டர் இரண்டாம் கட்டத்தைப் பற்றிச் சொன்னார். இதுவரை பார்த்தது மட்டும்தான். இனி சரிசெய்யப் போகிறார்கள். குறைகிற பாக்டீரியாக்களை வளர்த்து, பொடியாக்கி, கஞ்சியில் கலந்து கொடுப்பது. வெறும் பாக்டீரியாவை விழுங்கினால் இரைப்பையின் அமிலத்திலேயே செத்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் நானோ அளவில் மெல்லிய ஒரு பூச்சு. கடல்பாசியிலிருந்து எடுத்த பொருள். அமிலத்தில் கரையாது, குடலுக்குப் போனதும் கரைந்துவிடும்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சட்ட போட்டு அனுப்புறோம்னு வச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

அண்ணி என் காதருகே குனிந்து, "அளவு எடுத்தாங்களாமா?" என்றார்.

நான் எழுந்து என் குறிப்பேட்டிலிருந்து ஒன்பது கேள்விகள் கேட்டேன். சட்டை கரையாவிட்டால்? வெளியே போய்விடும். போகாவிட்டால்? போய்விடும். உள்ளே போனது அளவுக்கு மீறிப் பெருகினால்? டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார். "இப்ப தயார் பண்ணியிருக்கிற பொடி, முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடிச்ச குழந்தைங்களுக்குத்தான். பிறந்த உடனே வேற ஏதாவது வாயில போயிருந்தா, மொதல்ல குடியேறுற கூட்டமே வேற. அந்தக் குழந்தைங்களுக்கு இது தப்பாப் போகாது, ஆனா ஒட்டுமான்னு எங்களுக்கே தெரியாது. அவங்களுக்குத் தனியா ஒண்ணு பின்னாடி செய்வோம்."

பின்னாடி என்றால் எப்போது என்று யாரோ கேட்டார்கள். டாக்டர் கையை விரித்தார். நான் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கவலை இல்லையே. கோடு போட்டு எழுதியவள் ஆயிற்றே.

வரும் வழியில் பஸ்ஸில் கணவரிடம் போனில் சொன்னேன். "பயப்படாத. நம்ம பேஸ்ட்லகூட நானோன்னு போட்டுருக்கான்" என்றார். மாமனாருக்கும் அனுபவம் இருந்தது. போன போகத்துக்கு அவர் நானோ யூரியா பாட்டில் வாங்கித் தெளித்திருந்தார். "எப்படி மாமா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நம்பிக்கையில்லாம மூட்டை யூரியாவும் பாதி போட்டேன். எதுக்கு வெளஞ்சதுன்னு அந்தச் சோளத்தத்தான் கேக்கணும்."

இரண்டாம் கட்டத்துக்கான பட்டியல் வந்தது. என் மகள் அதில் இருந்தாள். தொடங்கும் தேதி ஆடிக்குள் வந்ததால் ஒரு அம்மாவும் சம்மதிக்கவில்லை. உலகத்திலேயே மெல்லிய சட்டையைத் தைக்கத் தெரிந்தவர்கள், ஆடி முடியட்டும் என்று ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். அந்தப் பெண் சம்மதப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, "ஆவணி மொத வாரம் வந்து வாங்கிக்கிறேன்கா, நிதானமா படிச்சிட்டுப் போடுங்க" என்று சொல்லிப் போனாள். நிதானமாகப் படித்தேன். கடைசி வரியில், முதல் படிவத்தில் நான் அளித்த தகவல்கள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று இருந்தது. கையெழுத்துக்குப் பேனாவைத் தேடினேன். ராகு காலம் என்றார் மாமனார். சரி, நாளை போடலாம் என்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகள் சோற்றைத் தள்ளிவிட்டு, கரண்டியை வீசி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை.

"அப்புடியே நானு" என்றார் அண்ணி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "என் புடிவாதம் எங்க போவும்? நான் வச்சதுல்ல."

"என்ன வச்சீங்க அண்ணி?" என்றேன்.

அண்ணியின் கை கரண்டியோடு நின்றது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில், தாய்ப்பாலுக்கும் முன்னால், வீட்டில் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ விரலால் தொட்டு வைப்பார்கள். இதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறாரோ அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. இது கூடவே கூடாது என்று நான் ஏழாம் மாதத்திலிருந்தே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். தேன், சர்க்கரை, கழுதைப்பால் மூன்றும் தரக்கூடாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஆஸ்பத்திரிப் பையின் மேலேயே ஒட்டியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் ஆகி, குழந்தையை வெளியே கொண்டுவந்து இவர்கள் கையில் கொடுத்து, என்னை வார்டுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"ஒரே ஒரு சொட்டுத் தேனும்மா. ஹேண்ட்பேக்குல வச்சிருந்தேன்" என்றார் அண்ணி.

மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நீ எப்ப வச்ச? நாந்தானே மொதல்ல வச்சேன்."

"நீங்களா? நீங்க டீ குடிக்கத்தான போனீங்க?"

"டீக்குப் போறதுக்கு முன்னாடியே. நாட்டுச் சக்கரை. மடியில முடிஞ்சு கொண்டாந்தேன்."

"மாமா, நான் தாள்ல எழுதி ஒட்டியிருந்தேனே!"

"அதான் கழுதப்பால் குடுக்கலியேம்மா" என்றார் மாமனார், மூன்றில் ஒன்றையாவது கடைப்பிடித்தவரின் நியாயத்தோடு.

நான் கணவரைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் அப்பளத்தை மிகவும் கவனமாக உடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களுமா?"

"எல்லாரும் அந்தாண்ட போனாங்க. டீக்கடையில குடுத்த சக்கரப் பொட்டலம் சட்டப்பையில இருந்துச்சு. நம்ம புள்ள நம்மள மாதிரி இருக்கட்டுமேன்னு..." என்றார். "நீ திட்டுவன்னு சொல்லல."

இரண்டு வருடமாக மூன்று பேரும், தான் ஒருவர்தான் வைத்தோம் என்று நினைத்து, குழந்தை சிரித்தால் ஒருவரும் அழுதால் ஒருவரும் ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது அவர்களுக்குள்தான் சண்டை. யார் முதலில் என்று. என்னை யாரும் கவனிக்கவில்லை.

நான் எழுந்து போய் தா.பழூருக்கு, என் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆறுதலுக்காகத்தான்.

"சிரிப்பா இருக்கு போ. நான் வச்சிருக்கப்ப அவங்க வச்சா என்ன, வைக்காட்டி என்ன?" என்றார் அம்மா.

"அம்மா!"

"கத்தாதடி. நான் எங்க வச்சேன்? நீதான் வச்ச."

"நானா?"

"ஒன்ன வார்டுக்குக் கொண்டாந்தாங்க. அரத்தூக்கத்துல கெடந்த. கல்கண்டு கரைச்சு வச்சிருந்தேன். ஒன் சுண்டுவெரலப் புடிச்சு நனைச்சு, புள்ள நாக்குல தொட்டேன். ஒன்ன மாரி படிக்கட்டும், ஒன்ன மாரி பொறுப்பா இருக்கட்டும்னு. நான் கையத்தான் புடிச்சேன்."

மாதிரி எடுக்கும் முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவும் என் கையை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து, யார் யார் தொட்டார்களோ, எந்தக் கட்டில் கம்பியைப் பிடித்ததோ, அந்த விரல். சர்க்கரைத் தண்ணீரில் குணம் போகாது என்று எனக்குத் தெரியும். நுண்ணுயிர் போகும் என்றும் தெரியும். இவ்வளவு தெரிந்தும், அன்று மாலை மகள் பிஸ்கட்டைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாயில் வைத்ததைப் பார்த்தபோது, என் குணம்தான் என்று மனசு ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணமே சே என்றிருந்தது.

திங்கள்கிழமை அந்த ஆய்வுக்குழுப் பெண்ணைக் கூப்பிட்டேன். "என் தோழி ஒருத்தி இருக்கா. அவங்க வீட்டுல, அவளுக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களோட சேத்து நாலு பேரோட தோழிக்கு இப்படி ஆயிருக்குக்கா" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "படிச்ச அம்மாங்க வீட்லதான்கா இது. மத்தவங்க வச்சேன்னு சொல்லிடுறாங்க. நீங்க வைக்காதேன்னு சொல்றதால உங்களுக்குத் தெரியாம வைக்கிறாங்க. படிவத்துல எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்ப வச்சேன்னு சொன்னவங்க?"

"லிஸ்ட்ல இல்ல. லப்பைக்குடிக்காட்டுல ஒரு அக்கா. புள்ளைக்கு உங்க பாப்பாவ விட மோசம், ஆறு குழாயில ஒண்ணுதான் நீலமாவுது. வூட்டுக்காரரு சவூதியில இருக்காரு, இந்த அக்கா தனியா அலையிறாங்க. பொறந்ததும் பேரீச்சம்பழத்த மென்னு மேலண்ணத்துல தடவுனோம், அது சுன்னத்து, நபி காட்டுன வழி, அத ஏன் மறைக்கணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப எங்களுக்கு எப்பம்மா தருவீங்கன்னு வாரா வாரம் கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"நீங்க உங்க தோழியப் பத்தித்தானக்கா சொன்னீங்க? நான் வேற எதையும் கேக்கல. ஆவணில வரேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் எனக்கு உதவி செய்தாளா, பொறுப்பை என் தலையில் இறக்கிவிட்டுப் போனாளா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் யோசிப்பது நான் ஒருத்தி மட்டும்தான். கணவர், "தப்பாப் போகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல, போட்டுக் குடு" என்கிறார். ஒட்டுமா என்று தெரியாது என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். அண்ணி, "புள்ள தேறுனா போதும். தாள்ல என்ன இருந்தா என்ன?" என்கிறார். ஆனால் அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த பொடியைச் செய்வார்கள். என்னைப் போன்ற அம்மாக்கள் சுத்தமாக எழுதிய பொய்களை வைத்து, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்குச் சட்டை தைப்பார்கள். உண்மையைச் சொன்னால் என் மகளின் பெயரை அடிப்பார்கள். அந்த இடம் லப்பைக்குடிக்காட்டுக் குழந்தைக்குப் போகுமென்றாலாவது மனசைத் தேற்றிக்கொள்வேன். அதற்கும் போகாது. என்னைப் போலவே சுத்தமாக எழுதிய இன்னொரு அம்மாவின் பிள்ளைக்குத்தான் போகும்.

இன்று காலை மறுபடி வயிற்றுப்போக்கு ஆரம்பித்திருக்கிறது. மூன்று முறை போய்விட்டாள். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிவிட்டு, மடியில் அவளைத் தூங்க வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆவணி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் அம்மாக்கள் இருப்பீர்கள். இப்படி ஒரு ஆய்வுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்களும், ஆய்வு நடத்துகிறவர்களும் இருக்கலாம். உண்மையைச் சொல் என்று எடுத்தவுடன் எழுதாதீர்கள். முதலில் உங்கள் வீட்டில் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடலாமா? டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னால், பெயரை அடிக்காமல் இருக்க அவருக்கு ஏதாவது வழி இருக்குமா? அந்த லப்பைக்குடிக்காட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு இருவருமாகப் போய்க் கேட்டால் நடக்குமா, அல்லது அந்த அம்மாவின் முகத்தில் விழிக்கும் யோக்கியதை எனக்கு இல்லையா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.